ஆற்றூரில் வீடு கட்டுகிறோம்: பூமி அதிர்ச்சிக்கு பெல்ட் போட வேண்டுமா, நம் மாவட்டத்துக்கு அது தேவையா?

ஆற்றூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் ஆற்றூர் பக்கம் வீடு வேலை தொடங்கியிருக்கிறோம். வானம் தோண்டி, கருங்கல் கடைக்கால் தரைமட்டம் வரை வந்துவிட்டது. இப்போதைக்குக் கீழே மட்டும், மாடி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம்.

குஜராத்தில் வேலை பார்க்கும் என் தம்பி, கடைக்கால் மேலே ஒரு காங்கிரீட் பெல்ட்டும் லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி இன்னொரு பெல்ட்டும் கட்டாயம் போடச் சொல்கிறான். கொத்தனாரோ, "இது என்ன குஜராத்தா? நம்ம ஊரு பாறை மேல இருக்கு, இங்க பூமி அதிர்ச்சி எல்லாம் வராது. லிண்டலை வாசல், ஜன்னலுக்கு மேல மட்டும் போட்டா போதும்" என்கிறார். அனுபவசாலி, நல்ல மனிதர். அவர் சொல்வதைத் தட்டவும் தயக்கம்.

இன்னொரு விஷயமும் மனதில் கிடக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி தரைக்கு அடியில் ஏதோ கனமாக உருண்ட மாதிரி ஒரு சத்தம். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிலுகிலுத்தன. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் ஒன்றும் வரவில்லை. அது நில அதிர்வாக இருக்குமா? சின்னது வந்தால் பின்னாலேயே பெரியது வரும் என்று சிலர் சொல்கிறார்கள், சின்னது வந்துவிட்டால் அழுத்தம் போய்விடும், நல்லதுதான் என்று சிலர் சொல்கிறார்கள். எது உண்மை?

முட்டம்_அலை எழுதியது:

குவாரி வெடியாக இருக்கும் அக்கா. மேற்கு மலையோரம் முழுக்க அதுதானே நடக்கிறது. எங்கள் சொந்தக்காரர் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்து, கேட்கப் போனால் "அது பூமி அதிர்ச்சியால் வந்தது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கோதையாறு எழுதியது:

நான் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கேள்விகள் நல்ல கேள்விகள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெடியா, அதிர்வா என்பது. ராத்திரி என்கிறீர்கள், அதனால் குவாரி வெடி என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. வெடி பெரும்பாலும் பகல் வேலை நேரத்தில், ஒரே திசையிலிருந்து, ஒரே அடியாக வரும். ஆழமில்லாத சின்ன நில அதிர்வு திசை தெரியாமல், காலுக்கு அடியில் உறுமலோடு வரும். நம் மாதிரி கெட்டிப் பாறை இடத்தில் வேகமான சிற்றதிர்வுகள் அதிகம் தேயாமல் மேலே வந்து காற்றில் ஒலியாக மாறுகின்றன. அதனால்தான் 2, 3 அளவு அதிர்வில் ஆட்டத்தைவிட சத்தம்தான் மக்களுக்கு முதலில் தெரிகிறது. ஆனால் காதை வைத்து உறுதி சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 9 அன்று வயநாட்டிலும் கோழிக்கோட்டிலும் பல இடங்களில் நிலத்தடியில் முழக்கம் கேட்டதாக மக்கள் வெளியே ஓடிவந்தார்கள். தேசிய நில அதிர்வு மையத்தின் கருவிகளில் நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை. அதே ஆண்டு ஜூன் 15 அன்று திருச்சூர், பாலக்காடு பக்கம் உணரப்பட்டதோ 3.0 அளவுள்ள உண்மையான அதிர்வு.

கருவிக்கு இந்தக் குழப்பம் இல்லை. வெடி வெடித்தால் சுற்றியுள்ள பாறையை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். எந்த நிலையத்தில் பார்த்தாலும் முதல் அசைவு மேல்நோக்கி இருக்கும். பிளவில் பாறை சறுக்கினால் சில நிலையங்களில் முதல் அசைவு மேலே, சிலவற்றில் கீழே. முட்டம் தம்பி சொன்ன மாதிரி வெடிப்பு யாரால் வந்தது என்ற சண்டை வந்தால், நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் அதிர்வு பதிவாகியிருக்கிறதா என்று மையத்தின் இணையதளத்தில் பார்ப்பதுதான் சரியான வழி. அவர்களுடைய பூகம்ப் செயலியிலும் பட்டியல் இருக்கிறது. மிகச் சின்ன அதிர்வுகள் அந்தப் பட்டியலில் விட்டுப்போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, சின்னது வந்தால் அழுத்தம் போய்விடும் என்பது. இது ஆறுதல், உண்மை இல்லை. அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. 4 அளவுக்கும் 6 அளவுக்கும் இடையே ஆயிரம் மடங்கு. ஒரு 6 அளவு நிலநடுக்கத்துக்கு உண்டான ஆற்றலைச் சின்னச் சின்னதாகத் தீர்க்க வேண்டுமென்றால் 3 அளவு அதிர்வுகள் முப்பதாயிரத்துக்கு மேல் வர வேண்டும். அப்படி எங்கும் நடப்பதில்லை.

பின்னாலேயே பெரியது வரும் என்பதும் அப்படியே. கலிபோர்னியாவில் நீண்ட காலப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், ஒரு அதிர்வுக்குப் பிறகு சில நாட்களுக்குள் அதைவிடப் பெரியது வருவது நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான். பெரும்பாலான சின்ன அதிர்வுகள் வந்து, அடங்கி, மறந்துபோகும். ஆனால் எது அந்த ஐந்தில் ஒன்று என்று முன்கூட்டிச் சொல்ல இன்றைக்கு உலகத்தில் யாராலும் முடியாது. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

பழையாறு எழுதியது:

கோதையாறு சார் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இவ்வளவு பயம் வேண்டுமா? பத்மநாபபுரம் அரண்மனை எத்தனை நூற்றாண்டாக நிற்கிறது. சுசீந்திரம் கோபுரம் நிற்கிறது. சிதறால் மலையில் சமணர் செதுக்கிய சிற்பங்கள் ஆயிரம் வருடத்துக்கு மேலாக அப்படியே இருக்கின்றன. நம் காலடியில் இருப்பது உலகத்திலேயே பழைய பாறைகளில் ஒன்று. இமயமலை மாதிரி பூமியின் மேலோட்டுத் தட்டுகள் மோதும் இடம் ஆயிரம் மைலுக்கும் அப்பால். நடுத்தரக் குடும்பம் ஒன்று வீடு கட்டும்போது வராத ஒன்றுக்காகச் செலவு செய்யச் சொல்வது நியாயமா?

கோதையாறு எழுதியது:

> நம் காலடியில் இருப்பது உலகத்திலேயே பழைய பாறைகளில் ஒன்று

நியாயமான கேள்வி, நம் ஊரில் பத்தில் ஒன்பது பேர் கேட்பது. இதற்குத்தான் நன்றாகப் பதில் சொல்ல வேண்டும்.

பாறை பழையது என்பது சரி. நாகர்கோவிலைச் சுற்றி இருக்கும் சார்னோக்கைட் பாறை நிலவியல் பாடப்புத்தகத்திலேயே பெயர் பெற்றது. கோண்ட்வானா கண்டமாக இலங்கையும் மடகாஸ்கரும் நம்மோடு ஒட்டியிருந்த காலத்தில் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருவானது. நமக்கு வடக்கே அச்சன்கோவில் வழியாக ஒரு பெரிய பழைய பிளவு மண்டலம் கேரளத்திலிருந்து நெல்லைப் பக்கம் குறுக்கே போகிறது. பழைய பாறை என்றால் பழைய பிளவுகளும் உண்டு. இந்தியத் தட்டு முழுவதும் வருடத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து இமயமலையில் முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் தட்டின் விளிம்போடு நிற்பதில்லை, உள்ளே தெற்குவரை பரவுகிறது. எங்கே ஒரு பழைய பிளவு அந்த அழுத்தத்துக்கு வசமாக அமைகிறதோ அங்கே என்றாவது ஒரு நாள் சறுக்கும்.

"என்றாவது ஒரு நாள்" என்பதுதான் சிக்கல். இமயமலையில் ஒரே பகுதியில் பெரிய நிலநடுக்கம் சில நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை. தீபகற்பத்துக்குள் ஒரே பிளவு மறுபடி சறுக்கப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம். நம் கையில் உள்ள பதிவோ இருநூறு, முந்நூறு ஆண்டுக்கு உட்பட்டது. கருவிப் பதிவு அதைவிடக் குறைவு. அந்த இடைவெளிக்குள் இங்கே பெரியது வரவில்லை என்பதை வைத்து, வராது என்று சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் நடுவில் டென்னன்ட் கிரீக் என்று ஒரு இடம். பழைய கெட்டிப் பாறை, ஆபத்தில்லாத பகுதி என்று கருதப்பட்டது. 1988 ஜனவரி 22 அன்று ஒரே நாளில் 6-க்கு மேல் மூன்று நிலநடுக்கங்கள். அடுத்த ஆண்டே, 1989 டிசம்பர் 28 அன்று, அதே நாட்டின் நியூகாசில் நகரத்தில் 5.6 அளவுதான், 13 பேர் இறந்தார்கள். 2017 ஏப்ரலில் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவில் 6.5. இவை எதுவும் தட்டு விளிம்பில் இல்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரில் ஏறக்குறைய 6 அளவு நிலநடுக்கம். தென்னிந்தியாவில் பதிவானதில் மிகப் பெரியவற்றில் ஒன்று. 1988-ல் இடுக்கி நெடுங்கண்டம் பக்கம், 2000 டிசம்பரில் ஈராற்றுப்பேட்டை பக்கம் 5 அளவு, 2001 ஜனவரியில் மறுபடி. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் 5.5. இதில் எதையும் எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பத்மநாபபுரம் அரண்மனை நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது நிற்பது பூமி அசையாததால் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூரையும் உத்தரமும் தூணும் மரத்தில் கொளுவிக் கட்டிய கட்டடம் அது. ஆட்டினால் மூட்டுகள் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், உடையாது. இன்று நாம் எழுப்பும் நாலரை அங்குலச் சுவருக்கும் ஹாலோ பிளாக்குக்கும் அந்தக் குணம் கிடையாது.

மருந்துவாழ்மலை எழுதியது:

நான் ராணுவத்தில் இருந்தவன். கில்லாரி மீட்புப் பணிக்குப் போனவர்களில் ஒருவன். கோதையாறு சார் பட்டியலில் அது வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1993 செப்டம்பர் 30, விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன். மகாராஷ்டிரத்தில் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள். முந்தின நாள் பிள்ளையார் கரைப்பு. ஊரே நேரம் கழித்துப் படுத்திருந்தது. 6.2 அளவு. பத்தாயிரத்துக்கு நெருங்கிய சாவு. நில அதிர்வு வரைபடத்தில் அந்த இடம் அப்போது மண்டலம் 1-ல் இருந்தது, அதாவது நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்த இடம் என்று அரசாங்கமே குறித்திருந்த பகுதி.

நாங்கள் போனபோது தெரு எது, வீடு எது என்று தெரியவில்லை. ஊர் முழுக்க ஒரே மட்டத்தில் கல்லும் மண்ணும். அந்த ஊர் வீட்டுச் சுவர் இரண்டடிக்கு மேல் கனம். பார்த்தால் கோட்டை மாதிரி பலமாகத் தோன்றும். உண்மையில் வெளிப்பக்கம் ஒரு வரிசை உருண்டைக் கல், உள்பக்கம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும் கொட்டியிருக்கும். இரண்டு வரிசையையும் இணைக்க நீளமான குறுக்குக் கல் ஒன்றுகூட இல்லை. சாந்து வெறும் மண். வெயிலுக்காகக் கூரையில் ஒன்று, இரண்டடி மண் ஏற்றியிருப்பார்கள். ஆட்டம் வந்ததும் சுவர் நடுவில் பிளந்து இரு பக்கமும் சரிந்திருக்கிறது, கூரை மண் மொத்தமும் தூங்குகிறவர்கள் மேல். இடுக்கில் காற்று நிற்கவே வழியில்லை. மண்ணைக் கையால்தான் தோண்டினோம், கடப்பாரை போட்டால் உள்ளே யார் மேல் படுமோ என்று. சில வீடுகளில் மரத்தூணில் நிறுத்திய கூரைச் சட்டம் மட்டும் நிமிர்ந்து நின்றது, சுற்றிலும் சுவர் இல்லை. அந்த வீட்டு ஆட்களில் சிலர் பிழைத்திருந்தார்கள்.

அங்கே பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. முந்தின வருடமே பூமி அதிர்ந்ததாம். 1992 அக்டோபரில் பல நாள் அதிர்வு வந்திருக்கிறது, அதில் ஒன்று 4-க்கு மேல். ஜனங்கள் பயந்து வெளியே படுத்திருக்கிறார்கள். பிறகு அடங்கிவிட்டது, எல்லோரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அதே சுவர், அதே கூரை. அந்தப் பதினோரு மாதத்தில் கூரை மண்ணில் பாதியையாவது இறக்கியிருந்தால் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை.

பழையாறு தம்பி செலவு நியாயமா என்று கேட்டதால் இவ்வளவும் எழுதினேன். தங்கச்சி, பெல்ட் போடு.

பழையாறு எழுதியது:

அண்ணே, வணக்கம். நீங்கள் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

என் அடுத்த கேள்வி வரைபடத்தைப் பற்றி. கில்லாரி மண்டலம் 1-ல் இருந்தும் இப்படி ஆனது என்றால், அந்த வரைபடத்தை எதற்காக வைத்திருக்கிறார்கள்?

கோதையாறு எழுதியது:

மருந்துவாழ்மலை ஐயாவுக்கு நன்றி. கில்லாரியைத் தனியாக எழுதலாம் என்று விட்டுவைத்திருந்தேன், நேரில் பார்த்தவர் எழுதியதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்த 1992 அதிர்வுகள் பெரியதற்கு முன்னோடி என்று நாம் இன்று திரும்பிப் பார்த்துச் சொல்கிறோம். அன்று அதைப் பிரித்தறிய வழியில்லை, இன்றும் இல்லை. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் 2018 நவம்பர் முதல் மாதக்கணக்கில் அதிர்வு மேல் அதிர்வு வந்தது, மக்கள் கூடாரத்தில் படுத்தார்கள். அங்கே கில்லாரி மாதிரி எதுவும் நடக்கவில்லை. இரண்டுக்கும் தொடக்கம் ஒரே மாதிரிதான் இருந்தது.

வரைபடம் என்பது பொறியாளருக்கு ஒரு குறைந்தபட்ச அளவுகோல். மகாராஷ்டிரத்தின் கோய்னாவும் 1967-க்கு முன் மிகக் குறைந்த மண்டலத்தில்தான் இருந்தது. அந்த டிசம்பர் 11 அன்று 6-க்கு மேல் வந்தபின் மாற்றினார்கள். கில்லாரிக்குப் பிறகு 2002-ல் மண்டலம் 1 என்பதையே எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் அதிர்வே வராத இடம் என்று குறிக்க இப்போது ஒரு நிறம்கூட வரைபடத்தில் கிடையாது. அந்த 2002 வரைபடத்தில் கேரளம் முழுவதும் மண்டலம் 3. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் வீடு கட்டுகிறவர் மண்டலம் 3-க்குக் கணக்குப் போடுகிறார். அதிர்வு சோதனைச் சாவடி பார்த்து நிற்காது.

கெட்டிப் பாறைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதிர்வு அதில் அதிகம் மங்காமல் வெகுதூரம் போகும். 2011-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 அளவு வந்தபோது 130 கிலோமீட்டருக்கும் அப்பால் வாஷிங்டன் நினைவுத்தூணில் வெடிப்பு விழுந்தது. அதனால் நம் மாவட்டத்துக்குள்ளேயே பிளவு இருக்க வேண்டும் என்பதில்லை, இடுக்கியிலோ மன்னார் வளைகுடாவிலோ வந்தாலும் இங்கே ஆடும்.

தோவாளை_வடக்கு எழுதியது:

பேச்சிப்பாறை அணையால் இப்படி வர வாய்ப்பு உண்டா? கோய்னா அணையால்தான் வந்தது என்கிறார்களே.

கோதையாறு எழுதியது:

கோய்னா அணை 103 மீட்டர் உயரம். 1962-ல் நீர் தேக்கத் தொடங்கியதும் அந்தப் பகுதியில் சின்ன அதிர்வுகள் தொடங்கின, ஐந்து வருடத்தில் பெரியது வந்தது. தேங்கிய நீரின் பாரமும், பிளவுக்குள் இறங்கும் நீரின் அழுத்தமும் ஏற்கெனவே சறுக்கத் தயாராக இருந்த பிளவைத் தூண்டிவிடுகின்றன. இப்போது அங்கே 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு ஆராய்கிறார்கள். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, 1906-ல் முடிந்த அணை. இந்த வகையில் கவலைப்பட வேண்டிய ஆழம் அது இல்லை. மழை அதிகமாகப் பெய்தபின் நீர் பாறை இடுக்கில் இறங்கி நுண்ணதிர்வுகளைத் தூண்டுவது தீபகற்பத்தில் சில இடங்களில் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆற்றூரில் மழைக்காலத்தில் கேட்டது அப்படியும் இருக்கலாம். பதிவு இல்லாமல் அதற்கு மேல் சொல்வது முறையாகாது.

நெறியாளர்:

கூடங்குளம், முல்லைப்பெரியாறு பற்றி வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அணு உலைக்கும் பெரிய அணைக்கும் இடத்துக்கென்றே தனி ஆய்வு உண்டு, வீட்டுக்கான கணக்கு வேறு. இங்கே வீடும் ஊரும் பற்றி மட்டும் தொடரட்டும்.

வடசேரி_கட்டுமானம் எழுதியது:

கட்டடப் பொறியாளராக நாகர்கோவிலில் வேலை செய்கிறேன். ஆற்றூர்க்காரி அக்காவின் வீட்டுக்கு வருகிறேன்.

கடைக்கால் தரைமட்டத்தில் இருக்கிறது என்றால் சரியான நேரம். இப்போதே மேலே பெல்ட் ஓட்டிவிடலாம். சுவர் முழுவதையும் சுற்றி மூன்று அங்குலக் கனமென்றால் இரண்டு கம்பி, ஆறு அங்குலமென்றால் நான்கு கம்பி, கம்பிகளைச் சுற்றிப் பிடிக்க ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங். லிண்டலும் அப்படியே, வாசல் ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக நிறுத்தாமல் எல்லாச் சுவரிலும், உள்சுவர் உட்பட, ஓட வேண்டும். ஓலைப்பெட்டிக்கு வாய் விளிம்பில் கட்டும் கட்டு மாதிரி அது. கட்டு முழுசாகச் சுற்றி வந்தால்தான் பெட்டி விரியாது, ஒரு மூலையில் விட்டுப்போனால் மொத்தமும் வீண்.

அந்த மூலையைத்தான் நம் ஊரில் கவனிப்பதே இல்லை. ஒரு சுவரின் கம்பியை மூலையோடு வெட்டி நிறுத்திவிட்டு, அடுத்த சுவருக்குப் புதுக் கம்பி தொடங்குகிறார்கள். காங்கிரீட் போட்டபின் வெளியே ஒன்றும் தெரியாது. ஆட்டத்தில் முதலில் திறந்துகொள்வது அந்த மூலைதான். ஒரு சுவரின் கம்பி மூலையில் வளைந்து அடுத்த சுவருக்குள் குறைந்தது இரண்டடி போய் அங்கே உள்ள கம்பியோடு சேர வேண்டும். காங்கிரீட் போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் போய் நாலு மூலையையும் நீங்களே பாருங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு மாடி எடுக்கும் திட்டம் இருப்பதால், மூலைகளிலும் வாசல் ஓரங்களிலும் கடைக்காலிலிருந்து கூரை வரை நிமிர்ந்து ஒரு கம்பி விடச் சொல்லுங்கள். ஜன்னலை மூலையிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். வெளிச்சத்துக்காக மூலையிலேயே ஜன்னல் வைப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. பெல்ட் வைத்த சுவர் வீட்டுக்கு அது வேண்டாம்.

பில்லர் வைத்துக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடக்கி விட்டால் ஆட்டத்தில் வெளிக் காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைத் திறந்துவிடும், நிமிர்ந்த கம்பிகள் பிதுங்கிவிடும். 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடக்க வேண்டும். கம்பி கட்டுகிறவருக்கு ஒரு ரிங்குக்குச் சில வினாடி கூடுதல் வேலை, கம்பி ஓரிரு அங்குலம் கூடுதல். மண்டலம் 3-க்கு விதியே இதுதான். நான் நம் மாவட்டத்தில் எந்த வீட்டுக்கும் மண்டலம் 3 என்று வைத்துத்தான் வரைகிறேன். செலவு கேட்ட பழையாறு அண்ணனுக்கு: தரைக்கு டைல்ஸ் எந்த விலையில் எடுப்பது என்று கடையில் நின்று மாற்றி மாற்றி யோசிக்கும் தொகையைவிட பெல்ட்டுக்கு ஆகும் கூடுதல் தொகை பெரும்பாலும் குறைவு.

இப்போது எனக்கு உண்மையாகவே பயம் தருவது வேறு இரண்டு. ஒன்று, கீழே முழுக்க கார் நிறுத்த வெறும் தூண், மேலே இரண்டு மூன்று மாடிச் சுவர். குஜராத்தின் பூஜில் 2001-ல் 7.7 அளவு வந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் கீழ்த்தளம் மடிந்து உட்கார்ந்தன. இரண்டாவது, வயல். கல்குளத்திலிருந்து அகஸ்தீஸ்வரம் வரை வயலையும் குளத்தையும் மண் அடித்து நிரப்பி மனையாக்கி விற்றிருக்கிறோம். கீழே சேறு, மேலே லாரி மண். "பாறை ஊர்" என்ற ஆறுதல் அந்த மனைக்கு இல்லை. பாறையில் லேசாக வரும் ஆட்டம் இளகின மண்ணில் பெருகும். அப்படிப்பட்ட இடத்தில் வாங்கியவர்கள் மண் பரிசோதனை செய்யாமல் கடைக்கால் போடாதீர்கள். அக்கா, உங்கள் மனை பழைய வயலா, மேட்டுத் தோட்டமான விளையா?

ஆற்றூர்க்காரி எழுதியது:

விளைதான் தம்பி, ரப்பர் நின்ற இடம். தோண்டும்போது நாலடியில் கெட்டி வந்துவிட்டது.

மருந்துவாழ்மலை ஐயா எழுதியதைக் கொத்தனாருக்குப் போனில் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, கம்பி எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூலைக் கம்பி இரண்டடி என்பதையும் அதில் குறித்திருக்கிறார். சனிக்கிழமை கம்பி இறங்குகிறது.

அம்மாவின் பழைய ஓட்டு வீடு ஒன்று தக்கலையில் இருக்கிறது. செங்கல் சுவர், மரச்சட்டம். அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

வடசேரி_கட்டுமானம் எழுதியது:

ஓட்டுக்கூரை பாரம் குறைவு, அது நல்லது. பார்க்க வேண்டியது இரு முனைகளிலும் கூரை வரை எழும்பும் முக்கோணச் சுவர். அதைப் பிடிக்க ஒன்றும் இருக்காது, முதலில் வெளியே சாய்வது அதுதான். உத்தரத்தையும் சட்டங்களையும் அந்தச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இணைக்கலாம். சுவர் தலையில் கிடக்கும் மரம் சுவரோடு கட்டுப்பட்டிருக்கிறதா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கறையான் அரித்த இடம் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். அம்மா படுக்கும் கட்டிலை அந்த முக்கோணச் சுவர் ஓரத்திலிருந்து நகர்த்திப் போடுவதற்குச் செலவே இல்லை.

குளச்சல்_துறை எழுதியது:

கடற்கரைக்காரன் ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் பூமி நடுங்கியது. எங்களுக்கு அந்த நடுக்கமே தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கடல் வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மணக்குடிப் பாலத்தையே தூக்கி எறிந்தது. நேரம் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் 8.6 வந்தபோது எச்சரிக்கை வந்தது, அன்று பெரிய அலை எழவில்லை.

அதனால் எங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது: காலடியில் நீண்ட நேரம் ஆடினால், அல்லது கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போங்கள். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் எந்தத் தெரு வழியாக ஏறுவது என்று பிள்ளைகளுக்கு நடத்திக் காட்டுங்கள். ஆற்றூரில் டம்ளர் கிலுகிலுத்த மாதிரி லேசான அதிர்வுக்குக் கடலோரம் ஓட வேண்டியதில்லை, அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். சும்மா பயமுறுத்திக்கொண்டே இருந்தால் உண்மையான நாளில் யாரும் அசைய மாட்டார்கள்.

கோதையாறு எழுதியது:

குளச்சல் தம்பி சொன்னது அத்தனையும் சரி. எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இனி யாருக்காவது அதிர்வு தெரிந்தால் உடனே நேரம், இடம், எத்தனை வினாடி, என்ன ஆடியது, சத்தம் இருந்ததா என்று குறித்து, தேசிய மையத்தின் செயலியில் பதிவு செய்யுங்கள். தரையில் இருந்தீர்களா மாடியில் இருந்தீர்களா என்பதும் முக்கியம். நம்மைப் போன்ற இடங்களில் நிலையங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. மக்களின் பதிவு சேர்ந்தால்தான் சின்ன அதிர்வுகள் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பிறகு வருகிறவர்கள் பார்க்க முடியும். தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ரெண்டு நாளில் காணாமல் போய்விடும்.

மேல்புறம்_டீச்சர் எழுதியது:

ஒரு சந்தேகம். எங்கள் பள்ளியில் பழைய ஓட்டுக் கட்டடத்தில் இரண்டு வகுப்பு, மற்றது எல்லாம் இரண்டு மாடிக் காங்கிரீட் கட்டடம். பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? சிலர் உடனே வெளியே ஓட வேண்டும் என்கிறார்கள், சிலர் மேசைக்கு அடியில் போக வேண்டும் என்கிறார்கள்.

வடசேரி_கட்டுமானம் எழுதியது:

டீச்சர், இரண்டு கட்டடத்துக்கும் இரண்டு விதம். மாடிக் கட்டடத்தில் ஆடும்போது படிக்கட்டுக்கு ஓட விடாதீர்கள், நெரிசலில் விழுவதுதான் அதிகம். பெஞ்சு, மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளட்டும். ஜன்னல் கண்ணாடி, பீரோ ஓரம் வேண்டாம். ஆட்டம் நின்றதும் வரிசையாக இறங்கி, கைப்பிடிச் சுவரும் சன்ஷேடும் தலைக்கு மேல் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். ஓட்டுக் கட்டடத்தில் கதவை ஒட்டி இருக்கும் பிள்ளைகள் உடனே மைதானத்துக்கு வரலாம், உள்ளே தள்ளி இருப்பவர்கள் பெஞ்சுக்கு அடியில். அந்த இரண்டு வகுப்புக்கும் இரண்டு கதவும் திறந்தே இருக்கட்டும், ஒரு கதவின் முன்னால் உடைந்த பெஞ்சு அடுக்கி வைக்கும் வழக்கம் இருந்தால் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள். புதன்கிழமை மாலை மேல்புறம் பக்கம் வருகிறேன், தலைமை ஆசிரியர் சம்மதித்தால் முக்கோணச் சுவரையும் பார்த்துவிட்டுப் போகிறேன்.

மேல்புறம்_டீச்சர் எழுதியது:

கேட்டுவிட்டேன், வரச் சொன்னார்கள். பள்ளி நாலு மணிக்கு விடும், அதற்குப் பிறகு வாருங்கள் தம்பி.